கொக்கி

கராஷோக்கில் நவம்பர் கடைசியில் போகும் சூரியன்
ஜனவரி பாதியில்தான் திரும்பும்.
நகராட்சி மருத்துவமனையின் நிலவறைக்கு
அது ஒரு செய்தியே இல்லை.
மின்விசிறி இரைச்சல், ஒரு ஸ்டூல், கறுப்புத் திரை.

வன்தட்டு செத்த இரவில்
ஜன்னலும் படமும் சுட்டெலியும் ஓடிப்போக
எண்பது பத்தி, இருபத்தைந்து வரி மிஞ்சின.
காப்புத் தட்டைச் செருகி
இன்றிரவு அழைக்கவேண்டியவர் யார் யார் என்று கேட்டாள்.
வந்தார்கள்.
மாரெத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.
மற்ற ஐவர் பெயரிலும் ஆங்காங்கே கேள்விக்குறி.
கடைசி வரியில், கணினிக்குப் பொறுப்பு: அவளே,
நெஞ்சில் கேள்விக்குறியோடு.

தமிழில் அவள் பெயர் சுலபம், இங்கா.
அவள் மொழியில் நடுவில் ŋ வேண்டும்.
நம் ங் போடும் அதே சத்தம்,
மூக்கும் தொண்டையும் சேர்ந்து கதவடைக்கிற சத்தம்.
அந்த மொழிக்குப் பெயர் சாமி. சிரிக்காதீர்கள்,
அவர்கள் வைத்த பெயர், அவர்கள் கடவுள் வேறு.
அந்த எழுத்தைப் பிடுங்கிக் கேள்விக்குறி நட்டால்
நம் காதில் 'இங்கேயா?' என்று விழும்.
அவள் காதில் விழ வழியில்லை.
அவளுக்கு அது வெறும் ஓட்டை.

எழுத்துருவைத் திறந்தாள்.
இருநூற்று ஐம்பத்தாறு இருக்கை, எல்லாம் நிரம்பி.
இஸ்பேடு உட்கார்ந்திருந்தது, ஆட்டின் உட்கார்ந்திருந்தது,
இரண்டு சிரிப்பு முகங்கள், ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு,
பாட்டே இல்லாத திரையில் ஓர் இசைக்குறி.
அவளுக்கு வேண்டியது பதின்மூன்று.

இருக்கையை இரட்டிப்பாக்கலாம்.
ஆனால் அதற்குரிய பிட்டு
பிரகாச நிறங்களின் பையில் இருக்கிறது;
எடுத்தால் எச்சரிக்கையின் சிவப்பு
பழைய செங்கல்லாய் மங்கும்.
யோவ்னாவுக்கு இடக்கண்ணில் புரை.
'சிவப்பில் கை வைக்காதே' என்றான்.
சரி, சீட்டுக்கட்டு எழுந்திருக்கட்டும்.

எட்டுக்குப் பதினாறு கட்டம்.
மேலே ஐந்து வரிசை காலி,
வானத்துக்கு.
அடுத்த ஏழில் ஒரு தோள், இரண்டு கால்.
அதன்பின் இடக்கால் நின்றுவிடுகிறது,
வலக்கால் மட்டும் இரண்டு வரிசை கீழே இறங்குகிறது,
பனியில் தூண்டில் விட்டதுபோல.
பதினைந்தாவதில் இடப்பக்கம் வளைகிறது.
பதினாறு காலி.
பேனா இல்லை, கோடு இல்லை,
ஒன்று, பூச்சியம், ஒன்று, ஒன்று.

எல்லோருக்கும் போகட்டுமென்று அனுப்பினாள்.
பர்னோவிலிருந்து ஹினெக் மரியாதையாகக் கேட்டான்:
இது எத்தனை பேருக்குப் பயன்படும்?
போர்ட்டோவிலிருந்து ஒருவர்,
இஸ்பேடு இல்லாமல் என் சீட்டாட்டம் ஓடவில்லை என்றார்.
அது உண்மை. அவருக்கும் இரவு நீளமாய் இருந்திருக்கும்.

எண்ணிக்கை சொல்ல உட்கார்ந்து
ஆயிரத்தில் தொடங்கினாள், அழித்தாள்.
கடைசியில் எழுதியது: இன்றிரவு ஆறு பேர்,
பிறகு யாருக்கு வலிக்கிறதோ அவர்கள்.
இரண்டு குளிர்காலம் பதில் இல்லை.

மருத்துவமனைப் பொறியில் மட்டும் அது இருக்கிறது.
துவக்கினால் மூன்று நொடி,
வண்ணப் படங்கள் விழித்து வந்து மூடுவதற்கு முன்,
நினைவகம் சரி, வட்டு சரி,
பொறுப்பு: முழுப்பெயர்.

யோவ்னா நல்ல கண்ணைத் திரைக்கருகே கொண்டுவந்தான்.
'கொக்கி ஒரு புள்ளி நீளம்,
பக்கத்து எழுத்தின் வாலில் இடிக்கிறது.'

இல்லை என்றாள்.
பார்த்தாள்.
அந்த ஒன்றைப் பூச்சியமாக்கி
மறுபடி துவக்கினாள்.